திமிங்கிலப் படகைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள்

போன வாரம் ஒரு தோழியின் மகள் தன் கடற்கரை விடுமுறைத் திட்டத்தை எனக்கு அனுப்பி, "சரியா இருக்கா பாருங்க ஆன்ட்டி" என்று கேட்டிருந்தாள். அவளும் கூடப் படிக்கும் பெண்ணும் மட்டும், ஐந்து நாள். நான்கு நாளைக்கு மணல், குளியல், தூக்கம். ஐந்தாம் நாள் காலை திமிங்கிலம் பார்க்கப் படகு, மாலையில் ரயில்.

படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் போட்ட திட்டம் அட்சரம் பிசகாமல் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு கோடைதோறும் எங்காவது ஒரு கடலுக்குப் போய்வருகிறேன். முதல்முறை கிளம்புகிற யாரிடம் பேசினாலும் இதே நாலைந்து தவறுகள்தான் கண்ணில் படுகின்றன. தொப்பி, வெயில் கிரீம், தண்ணீர் எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது வேறு.

கோடை என்றால் திமிங்கிலம் இருக்கும் என்று நம்புவது

நம் பள்ளி விடுமுறையைப் பார்த்து அவை பயணம் போவதில்லை. ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் கோடையில் குளிர்ந்த கடல்களில் இரை தின்னும். குளிர்காலத்தில் வெதுவெதுப்பான கடலுக்குப் போய்க் குட்டி போடும். அதனால் ஜூலையில் அலாஸ்காவுக்கோ ஐஸ்லாந்துக்கோ போனால் அவற்றைக் காணலாம். அதே ஜூலையில் ஹவாய்க்குப் போனால் வெறும் கடல்தான். ஆஸ்திரேலியாவின் ஹெர்வி விரிகுடாவுக்கு ஜூலை முதல் அக்டோபர் வரை அவை வருகின்றன. அங்கே அது குளிர்காலமும் வசந்தமும்.

இலங்கையில் இன்னும் நுணுக்கம். தென்கரையில் மிரிஸ்ஸாவுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை போகவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் அந்தப் பக்கம் கடல் கொந்தளிக்கும். அப்போது கிழக்கே திருகோணமலைப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும். நியூசிலாந்தின் கைகூராவிலோ ஸ்பெர்ம் திமிங்கிலங்களை வருடம் முழுவதும் பார்க்கலாம். கரையை ஒட்டியே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு இருப்பதால் அவற்றுக்கு இரை அங்கேயே கிடைக்கிறது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது: நான் போகிற மாதத்தில் இந்தக் கரையில் எந்த இனம் வரும்? "எப்பவும் வரும்" என்று ஒருவர் பொத்தாம்பொதுவாகச் சொன்னால் இன்னொருவரைக் கேளுங்கள்.

படகைக் கடைசி நாளில் வைப்பது

அந்தப் பழைய திட்டத்தைப் போட்டது நான்தான். நல்லதைக் கடைசியில் வைத்தால் ஐந்து நாளும் ஓர் எதிர்பார்ப்போடு கழியும் என்று நினைத்தேன். அப்போது என்னோடு வந்த தோழிக்குச் சின்ன வயதிலிருந்தே நீலத் திமிங்கிலத்தைப் பார்க்க ஆசை. வந்ததே அதற்காகத்தான்.

முதல் மூன்று நாளும் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. நாங்கள் மணலில் படுத்தபடி, படகுகள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கி வந்தவர்களின் முகமே சொல்லியது, அவர்கள் பார்த்துவிட்டார்கள் என்று. இரண்டாம் நாளே அவள் கேட்டாள்: "இன்னிக்கே போயிடலாமாடி?"

"டிக்கெட் அஞ்சாம் நாளுக்குத்தானே இருக்கு. மாத்தணும்னா அலையணும், விடு" என்றேன். அலைச்சல் என்றால் வேறொன்றுமில்லை. படகுத்துறை வரை கால் மணி நேரம் நடக்கவேண்டும், அவ்வளவுதான்.

நான்காம் நாள் இரவு காற்று எழுந்தது. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. விடியற்காலை ஐந்தரைக்குத் துறையில் போய் நின்றோம். வானத்தில் ஒரு மேகம் கிடையாது, நல்ல வெளிச்சம். சீட்டு கொடுக்கும் ஜன்னலில் கையால் எழுதிய அட்டை ஒன்று தொங்கியது: இன்று படகு இல்லை. பணத்தைத் திருப்பித் தருகிறோம், இல்லையென்றால் வேறு நாளில் வாருங்கள் என்றார்கள். அவர்கள்மேல் எந்தப் பிழையும் இல்லை. வேறு நாள் எங்களிடம் இல்லை. கழுத்துவரை ஜிப் போட்ட மழைக்கோட்டோடு அவள் அறைக்குத் திரும்பி நடந்தாள். ரயிலுக்கு மூட்டை கட்டும்வரை அதைக் கழற்றவேயில்லை. அடுத்த மாதம் வேலை கிடைத்து வெளிநாடு போனாள். அதன்பின் எங்கள் இருவருக்கும் ஒரே வாரத்தில் விடுப்பு அமையவில்லை. அந்தக் கால் மணி நேர நடையை நினைத்தால் எனக்கு இன்றும் என்மேல் ஆத்திரம் வருகிறது.

அன்று எனக்குப் புரியாததை இப்போது சொல்கிறேன். வானம் தெளிவாக இருந்தால் கடலும் நன்றாக இருக்கும் என்பதில்லை. எங்கோ நெடுந்தொலைவில் அடித்த புயலின் அலை, வெயில் காயும் உங்கள் கரைக்கு இரண்டு மூன்று நாள் கழித்து வந்து சேரும். வானிலைச் செயலியில் சூரியன் படம் போட்டிருக்கிறதா என்று பார்த்துப் பயனில்லை; காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் பாருங்கள். மணிக்கு 7 முதல் 10 கடல்மைல் வேகத்தில் காற்று வீசும்போது அங்கங்கே அலையின் தலை உடைந்து வெள்ளை நுரை தெரியத் தொடங்கும். அதற்கு மேலே போனால் கடலெங்கும் வெள்ளை. அந்த நுரைக்கு நடுவில் திமிங்கிலத்தின் மூச்சு எது, அலை எது என்று பழகிய கண்ணுக்கே பிரித்தறிவது கஷ்டம். அப்படிப்பட்ட நாளில் படகு கிளம்பினாலும் பெரும்பாலும் வாந்தியோடு திரும்பவேண்டியதுதான்.

ஒரே நாளுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. வெயில் ஏற ஏறத் தரை கடலைவிட வேகமாகச் சூடாகும். தரைமேல் உள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வீசும். கோடையில் பிற்பகலில் அலை கூடுவது இதனால்தான். காலையில் கிளம்பும் முதல் நடைக்கே இடம் பிடியுங்கள்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலையே படகேறிவிடுங்கள். அன்று படகு ஓடாவிட்டால் அடுத்த நாள் இருக்கிறது, அதற்கும் அடுத்த நாள் இருக்கிறது. திமிங்கிலம் கண்ணில் படாவிட்டால் இன்னொரு முறை இலவசமாக அழைத்துப்போகும் படகுக்காரர்கள் பல ஊர்களில் உண்டு. அந்தச் சலுகை, மறுநாளும் ஊரில் இருப்பவருக்குத்தானே?

"முதல்லயே பாத்துட்டா மிச்ச நாள் சப்புன்னு போயிடாதா?" என்று திட்டம் அனுப்பிய அந்தப் பெண் கேட்டாள். போகாது. பார்த்துவிட்டு வந்து மணலில் உட்கார்ந்தால், நேற்றுவரை வெறும் கோடாக இருந்த தொடுவானத்தை விட்டுக் கண் நகராது.

குமட்டல் வந்தபிறகு மாத்திரையைத் தேடுவது

காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஆட்டத்தை உணர்கிறது. படகின் அறைக்குள் உட்கார்ந்திருந்தால் கண்ணுக்கு எல்லாம் அசையாமல் தெரிகிறது. இந்த முரண்பாடுதான் தலைசுற்றலுக்கு வேர். வாந்தி தொடங்கிய பிறகு போடும் மாத்திரை வயிற்றில் தங்காது. சாதாரணமாகக் கிடைக்கும் மாத்திரைகளைக் கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் போடவேண்டும். தூக்கம் வரவைக்கும் வகைகள் உண்டு, ஆகவே மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டுக்கொள்ளுங்கள். படகின் முன்முனையான அணியத்தில் நின்றால் படம் நன்றாக வரும், ஆட்டமும் அங்கேதான் அதிகம். நடுப்பகுதியில் நின்று தொடுவானத்தைப் பாருங்கள். போன் திரையைக் குனிந்து பார்க்காதீர்கள்.

இருவருக்கும் ஒரே பைனாகுலர்

ஆளுக்கு ஒன்று. ஏழு மடங்கு போதும். பத்து மடங்கு என்றால் படகின் ஆட்டமும் அந்த அளவுக்குப் பெரிதாகும்.

வாலுக்காகக் காத்திருப்பது

படங்களில் பார்த்த வாலையே மனதில் வைத்துக்கொண்டு எல்லோரும் நீர்மட்டத்தைத் துழாவுகிறார்கள். முதலில் தெரிவது மூச்சு. அது தண்ணீரைப் பீய்ச்சுவதில்லை. நுரையீரலிலிருந்து வெடித்து வெளிவரும் வெப்பமான காற்றும் நீர்த்திவலையும். நீலத் திமிங்கிலத்தின் மூச்சு 9 மீட்டர் உயரத்துக்குத் தூண்போல் நேராக எழும். ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் மூச்சு முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வை வைத்தே தொலைவிலிருந்து இனத்தைச் சொல்லிவிடலாம்.

பக்கத்தில் எழுந்தால் சத்தம் கேட்கும். நின்ற பஸ்ஸின் பிரேக்கிலிருந்து காற்று இறங்குமே, அது நூறு மடங்கானதுபோல. காற்று உங்கள் பக்கம் வீசினால் அழுகிய மீன் வாடை வரும், கண்ணாடியில் ஈரம் படியும். அது மூழ்கியபின் அந்த இடத்தில் வட்டமாக, அலையே இல்லாமல் வழவழப்பான நீர்த்தடம் ஒன்று சிறிது நேரம் நிற்கும். வாலைப் படமெடுத்த கையோடு பெரும்பாலோர் இதைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள்.

ஸ்பெர்ம் திமிங்கிலம் மேலே பத்து நிமிடம்போல மூச்சு வாங்கிவிட்டு முக்கால் மணி நேரம் கீழே போய்விடும். "போயிடுச்சு" என்று உள்ளே போய் உட்காராதீர்கள்.

ஹம்ப்பேக் வாலின் அடிப்பக்கம் படத்தில் விழுந்தால் பத்திரப்படுத்துங்கள். அதன் கறுப்பு வெள்ளைத் திட்டுகள் நம் கைரேகை மாதிரி ஒவ்வொன்றுக்கும் வேறு. ஹேப்பிவேல் என்ற இணையதளத்தில் ஏற்றினால், அதே திமிங்கிலத்தை முன்பு வேறு யாராவது எங்காவது பார்த்திருந்தால் அதுவும் தெரியவரும்.

"கிட்டக் கூட்டிப்போறோம்" என்ற படகு

ஏறாதீர்கள். ஆஸ்திரேலியாவில் படகுகள் 100 மீட்டருக்குள் நெருங்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. துரத்தினால் அது இரையை விட்டுவிடும், குட்டியோடு இருந்தால் தாய் அலைக்கழியும். நல்ல படகோட்டி பக்கவாட்டில் தள்ளி நின்று வேகத்தை அடக்கிக் காத்திருப்பார். சில சமயம் அதுவே வரும்.

கடலுக்குப் பயப்படும் நண்பரை இழுத்துப் போவது

வேண்டாம். கரையிலிருந்தே பார்க்கிற இடங்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஹெர்மானஸில் ஜூன் முதல் நவம்பர் வரை தெற்கத்திய ரைட் திமிங்கிலங்கள் குட்டிகளோடு கரையோரத்துக்கே வரும். பாறை மேட்டில் உட்கார்ந்தபடி பார்க்கலாம்.

அந்தப் பெண்ணின் சிநேகிதிக்கும் படகு என்றால் பயமாம். அவள் துறையில் பைனாகுலரோடு இருக்கப்போகிறாள். நேற்று இரவு புதிய திட்டம் வந்தது: படகு இரண்டாம் நாள், காலை முதல் நடை. ஐந்தாம் நாளுக்கு நேரே எதுவும் எழுதவில்லை.