27 சதவீதம் என்றால் எதில் 27? அறிவியல் செய்திகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய கண்டுபிடிப்புகள் பற்றிய செய்திகளில் அப்பட்டமான பொய் குறைவு. எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அது எதை அளந்த எண் என்பதில்தான் நாம் சறுக்குகிறோம்.

முதல் தவறு, சதவீதத்தை மட்டும் பிடித்துக்கொள்வது. அல்சைமர் நோய்க்கான லெகனமாப் மருந்தின் சோதனை முடிவு 2022-ல் வந்தபோது எங்கும் அடிபட்ட எண் 27 சதவீதம். போன நினைவில் கால் பங்குக்கு மேல் திரும்பிவிடும் என்று தோன்றுகிறதா? அப்படியல்ல. நோயின் தீவிரத்தை 0 முதல் 18 வரையுள்ள ஓர் அளவுகோலில் அளந்தார்கள். மதிப்பெண் ஏறினால் நோய் முற்றுகிறது என்று பொருள். 18 மாதங்களில் மருந்து பெற்றவர்களுக்குச் சராசரியாக 1.21 ஏறியது, மருந்தில்லாத போலி ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு 1.66. ஆக, இரு தரப்பிலும் நோய் முற்றத்தான் செய்தது. வித்தியாசம் 0.45. அதை 1.66-ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த 27. மூளை வீக்கம் மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 1.7 சதவீதம் பேருக்கும் ஸ்கேனில் தெரிந்தது. சதவீதத்தைப் பார்த்தால், அதற்கு அடியில் இருக்கும் இரண்டு எண்களையும் தேடிப் பாருங்கள். அப்படியே, சோதனை நடந்தது மனிதர்களிடமா எலிகளிடமா என்று அறிய ‘எலி’ என்ற சொல்லையும் தேடுங்கள். அது பெரும்பாலும் கடைசிப் பத்தியில்தான் ஒளிந்திருக்கும்.

தொல்லியலில் வரும் குழப்பம் இன்னும் சுவையானது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ஒயிட் சாண்ட்ஸ் பகுதியில் கிடைத்த மனிதக் காலடித் தடங்கள் 21,000 முதல் 23,000 ஆண்டுகள் பழையவை என்று 2021-ல் அறிவித்தார்கள். உயிர்ப்பொருளில் மிஞ்சியிருக்கும் கார்பனை அளந்துதான் இந்த வயதைக் கணக்கிட்டார்கள். ஆனால் காலடித் தடத்தில் கார்பன் ஏது? தடங்களுக்கு மேலும் கீழும் இருந்த மண்ணடுக்குகளில் கிடைத்த நீர்த்தாவர விதைகளின் வயது அது. அங்கேதான் சிக்கல். நீருக்குள் வளரும் செடி, பழைய சுண்ணாம்புப் பாறையிலிருந்து கரைந்து வந்த கார்பனையும் எடுத்துக்கொள்ளும். அதனால் விதை தன் உண்மையான வயதைவிட மூப்பாகத் தெரியலாம். ஆட்சேபம் எழுந்தது. 2023-ல் அதே அடுக்குகளில் இருந்த, நிலத்தில் வளரும் ஊசியிலை மரங்களின் மகரந்தத்தையும், குவார்ட்ஸ் மணல் துகள்கள் கடைசியாக வெயில் கண்ட காலத்தையும் தனித்தனியே அளந்தார்கள். இரண்டும் பழைய கணக்கோடு ஒத்துப்போயின. ஒரு தேதியைப் படித்ததும், எந்தப் பொருளின் தேதி, எத்தனை முறைகளில் அளந்தது என்று பாருங்கள்.

விலங்கியலில் ‘அழிந்த உயிரினம் மீண்டது’ என்ற தலைப்பு இரண்டு வேறு செய்திகளுக்கு வருகிறது. 2025-ல், பழங்காலத்தில் அழிந்துபோன டயர் ஓநாய் (dire wolf) என்று காட்டப்பட்ட குட்டிகள், 14 மரபணுக்களில் 20 இடங்கள் திருத்தப்பட்ட சாம்பல் ஓநாய்கள். மரபணுத் தொகுதியின் மொத்த நீளமோ சுமார் 240 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். 2023-ல் இந்தோனேசியாவின் சைக்ளோப்ஸ் மலையில் கேமராவில் பதிவான, முட்டையிடும் பாலூட்டியான எகிட்னாவின் ஓர் அரிய இனம் வேறு கதை. 1961-ல் கிடைத்த ஒரே ஓர் உடல் மாதிரிக்குப் பின் ஆய்வாளர்களிடம் அதன் படமே இல்லை. அந்த விலங்கு பாட்டுக்குக் காட்டில் வாழ்ந்துகொண்டிருந்தது.