டன்ஜன் குயூவில் காத்துக் கிடக்காமல் சீக்கிரம் உள்ளே போவது எப்படி?

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில், டன்ஜன் என்பது குழுவாக உள்ளே போய் எதிரிகளை அடித்து முடிக்கும் இடம். குயூ என்பது அதற்கு ஆள் சேரக் காத்திருக்கும் வரிசை. ஒரு டன்ஜன் குழுவுக்கு ஐந்து பேர் வேண்டும். அடியைத் தாங்க ஒரு டேங்க், காயத்தை ஆற்ற ஒரு ஹீலர், அடித்து விழ வைக்க மூன்று டேமேஜ். விளையாட வருகிறவர்களில் பெரும்பாலானோர் டேமேஜைத்தான் எடுக்கிறார்கள். மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் லோடு ஏற்றித் தயாராக நின்றாலும், டிரைவர் வந்தால்தானே வண்டி கிளம்பும்? இங்கே டிரைவர் டேங்க்தான். அடுத்த தட்டுப்பாடு ஹீலருக்கு. உங்கள் இணைய வேகத்துக்கும் இந்தக் காத்திருப்புக்கும் சம்பந்தமே கிடையாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூரிலிருந்து புதிதாக ஆடத் தொடங்குகிறவர்கள் கீழே உள்ள வரிசையிலேயே செய்து பாருங்கள்.

படி 1: ரோலை (குழுவில் உங்கள் வேலையை) மாற்றுங்கள்

முதலில் உங்கள் கிளாஸ், அதாவது கேரக்டரின் வகை, எது என்று பாருங்கள். பாலடின், ட்ரூயிட், மாங்க் மூன்றும் டேங்க், ஹீலர், டேமேஜ் எல்லாமே செய்யும். வாரியர், டெத் நைட், டீமன் ஹன்டர் டேங்க் ஆகலாம். ப்ரீஸ்ட், ஷாமன், இவோக்கர் ஹீலர் ஆகலாம். ஹன்டர், மேஜ், ரோக், வார்லாக் எடுத்திருந்தால் டேமேஜ் தவிர வேறு வழியில்லை. அவர்கள் நேராக 4-ஆம் படிக்குப் போகலாம். இன்னும் கேரக்டரே தொடங்காதவர்களுக்கு எங்கள் சிபாரிசு பாலடின். மூன்று ரோலும் ஒரே கேரக்டரில் கிடைக்கும், கனமான கவசமும் போடும்.

ஒரு கிளாஸுக்குள் எந்த ரோலை எப்படி ஆடுவது என்பதைத் தீர்மானிப்பது ஸ்பெக். அதை மாற்றக் காசு தேவையில்லை. சண்டையில் இல்லாதபோது டேலண்ட் பக்கத்தைத் திறந்து மாற்றிக்கொள்ளலாம். "டேங்க் ஆடினால் டேமேஜுக்கான சாமான் (ஆயுதம், கவசம்) கிடைக்காதே" என்ற தயக்கம் பலருக்கு உண்டு. உங்கள் கேரக்டர் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, லூட் ஸ்பெஷலைசேஷனை டேமேஜ் ஸ்பெக்குக்கு மாற்றிவிடுங்கள். டேங்காக ஆடினாலும் டேமேஜுக்கான சாமானே விழும்.

படி 2: ஆளில்லாமல் பழகுங்கள்

தெரியாத நான்கு பேர் முன்னால் டேங்க் ஆடக் கை நடுங்குவது இயல்பு. அதற்காகவே 2024 ஜனவரியில் ஃபாலோயர் டன்ஜன் வந்தது. 'ஐ' கீயை அழுத்தி குரூப் ஃபைண்டரைத் திறந்து, டைப் என்ற இடத்தில் ஃபாலோயரைத் தேர்ந்தெடுங்கள். மீதி நான்கு இடத்தையும் கம்ப்யூட்டரே நிரப்பும், காத்திருப்பும் இருக்காது. எல்லா டன்ஜனுக்கும் இந்த வசதி கிடையாது. இருக்கும் ஒன்றை எடுத்து மூன்று முறையாவது முடியுங்கள். வழி மனதில் பதிய அது போதும்.

அங்கே பழக வேண்டியது முதல் கூட்டத்தை இழுக்கும் முறை. இழுக்கும்முன் ஹீலரின் நீலப் பட்டையைப் பாருங்கள், அதுதான் மானா. பாதிக்குக் கீழே இருந்தால் நில்லுங்கள். தூரத்திலிருந்து ஒரு அடி கொடுத்து இழுத்து, எதிரிகள் நெருங்கியதும் அவர்களைத் தாண்டிப் போய்த் திரும்பி நில்லுங்கள். எதிரியின் முகம் உங்கள் பக்கம், முதுகு உங்கள் ஆட்கள் பக்கம் என்று அமையும். பல எதிரிகள் முன்பக்கமாக வீசி அடிப்பார்கள். முகம் குழுவைப் பார்த்துத் திரும்பினால் ஒரே வீச்சில் இரண்டு பேர் போவார்கள். உடனே எல்லோர் மேலும் படும் அடியைக் கொடுங்கள். ஒன்று மட்டும் நழுவி ஹீலரைத் துரத்தினால் அதற்குத்தான் டான்ட், எதிரியை உங்கள் பக்கம் திருப்பும் திறன். எதிரியின் பெயருக்குக் கீழே மந்திரம் போடும் பட்டை ஓடினால் அதைத் தடுக்கும் இன்டரப்ட் பட்டனை அழுத்துங்கள். பாதுகாப்புத் திறனை உயிர் கால் பங்கு ஆகும்வரை சேமித்து வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. பெரிய கூட்டத்தை இழுத்தவுடனே போடுங்கள், ஆரம்ப அடிதான் அதிகம் விழும்.

படி 3: குயூ போடுங்கள்

மறுபடி 'ஐ' கீ. டன்ஜன் ஃபைண்டரில் ரோல் சின்னத்தை டிக் செய்து, ரேண்டம் டன்ஜனைத் தேர்ந்தெடுத்துக் குயூ போடுங்கள். ஒரே ஒரு டன்ஜனை மட்டும் குறிவைத்தால் நேரம் கூடும். இரண்டு ரோலை டிக் செய்தால் எது தேவையோ அதை கேமே கொடுக்கும். ஆனால் அந்த ரோலுக்கான சாமான் பையில் இல்லாமல் டேங்கை டிக் செய்யாதீர்கள். முதல் பெரிய எதிரியிடமே (பாஸ்) விழுந்துவிடுவீர்கள், கூட வந்தவர்களின் நேரமும் வீணாகும்.

குயூவில் இருக்கும்போது தெரியும் பச்சைக் கண் சின்னத்தின் மேல் மவுஸை வைத்தால் சராசரிக் காத்திருப்பு நேரமும், இன்னும் எந்த ரோலுக்கு ஆள் குறைகிறது என்பதும் தெரியும். நண்பர்களோடு போவதானால் மூன்று டேமேஜாகப் போய்ப் பயனில்லை. ஒருவர் டேங்க், ஒருவர் ஹீலர் என்று பிரித்துக்கொண்டால் மூன்றாமவர் டேமேஜாகவே வந்தாலும் குழு சட்டென்று கூடிவிடும்.

படி 4: சொந்தக் குழு தொடங்குங்கள்

மிதிக் ப்ளஸ் என்பது நேரக் கணக்கோடு ஆடும் கடினமான டன்ஜன். அதற்குத் தானாக ஆள் சேர்க்கும் குயூ கிடையாது. ப்ரீமேட் குரூப்ஸ் பக்கத்தில் விண்ணப்பிக்க வேண்டும், ஒரே நேரத்தில் ஐந்து குழு வரை. ஐந்தையும் நிரப்பியே வையுங்கள். ஒன்று மறுத்ததும் அடுத்ததைப் போடுங்கள். குறிப்பு எழுதும் இடத்தை வெறுமையாக விடாதீர்கள். மேஜ், ஷாமன், இவோக்கர் என்றால் லஸ்ட் (குழு முழுவதன் வேகத்தையும் சிறிது நேரம் கூட்டும் திறன்) இருக்கிறது என்றும், ட்ரூயிட், டெத் நைட், வார்லாக், பாலடின் என்றால் சண்டை நடுவே இறந்தவரை எழுப்ப முடியும் என்றும் ஆங்கிலத்தில் ஒரே வரி போதும். குழுத் தலைவர்கள் தேடுவது இவற்றைத்தான்.

டேமேஜ் ஆட்களுக்கு இதைவிட நல்ல வழி, பையில் இருக்கும் கீஸ்டோனை (மிதிக் ப்ளஸ் டன்ஜனைத் தொடங்கும் சாவியை) வைத்துத் தானே குழு தொடங்குவது. அடுத்தவர் வாசலில் நிற்கிற வேலையே இல்லை. முதலில் டேங்கையும் ஹீலரையும் சேருங்கள், டேமேஜ் ஆட்கள் தானாக வந்து குவிவார்கள். குறைந்தபட்ச ஐட்டம் லெவலை (சாமான்களின் தர அளவை) உங்களுடையதைவிட உயர்த்தி வைக்காதீர்கள். வருகிற டேங்கும் வராமல் போவார். முதல் முறை என்றால் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். நிதானமாக ஆட விரும்புகிறவர்கள் அதைப் பார்த்தே வருவார்கள்.

நேரமும் கரண்டும்

உங்கள் சர்வர் எந்த நாட்டு நேரத்தில் கூடுகிறது என்பது முக்கியம். ஐரோப்பிய சர்வரில் குளிர்காலத்தில் அங்கே இரவு 7 மணி என்றால் நமக்கு 11:30. அமெரிக்காவின் மேற்குக் கரையில் இரவு 7 என்றால் நமக்கு மறுநாள் காலை 8:30. அதாவது நம் சனி, ஞாயிறு காலை அவர்களின் வெள்ளி, சனி இரவு. ஆள் நிறையக் கிடைக்கும் நேரம் அது. வாரநாள் காலை என்றால் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை உண்டா என்று செய்தித்தாளில் பார்த்துவிட்டு உட்காருங்கள். கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் இருந்தும் ரவுட்டருக்கு இல்லாவிட்டால் கரண்ட் போன நொடியே லைன் அறுந்துவிடும். ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவைப் பார்த்து, அதற்கேற்ற மினி யூபிஎஸ் வாங்குங்கள்.

நடுவில் நீங்களாக வெளியேறினால் டெசர்ட்டர் தண்டனை விழும். 30 நிமிடம் குயூவே போட முடியாது. லைன் அறுந்தால் அவசரமாகத் திரும்ப வாருங்கள், தாமதித்தால் மற்றவர்கள் வாக்குப் போட்டு நீக்கிவிடலாம். குழு கூடியதும் வரும் அழைப்பு 40 விநாடிதான் நிற்கும். டீ போடப் போன நேரத்தில் அது வந்து போனால் மறுபடி முதலிலிருந்து வரிசை. ஆடியோ செட்டிங்கில் கேம் பின்னணியில் இருக்கும்போதும் சத்தம் வரும்படி டிக் செய்து, ஸ்பீக்கரைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு எழுந்து போங்கள்.