பெரிய மானியத்துக்கு முன்னால் திட்டமிடல் மானியம்

சுற்றுச்சூழல் பணிக்குப் பெரிய மானியம் கேட்பதற்கு முன்னால், அதே நிதியமைப்பில் 'திட்டமிடல் மானியம்' (பெரிய திட்டத்தைத் தயார் செய்யவே தரும் சிறு தொகை) இருக்கிறதா என்று ஒரு வரி மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம் 1992 முதல் நடக்கிறது. அதில் இப்படி ஒரு வசதி உண்டு. ஆனால் பலரும் முதன்மை விண்ணப்பப் படிவத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

பெரும்பாலான நிதியமைப்புகள், ஒப்பந்தத் தேதிக்கு முன் செய்த செலவைத் திருப்பித் தருவதில்லை. ஏரி நீரின் முதல் பரிசோதனை, கரையோர மக்களுடன் கூட்டம், வரவு செலவை ஒழுங்காகப் போடத் தெரிந்தவருக்கான கூலி எல்லாமே அப்போது அமைப்பின் கையைக் கடிக்கும். திட்டமிடல் மானியம் இதையெல்லாம் தாங்கும் வகையில்தான் பொதுவாக இருக்கும். அப்புறம் இன்னொரு லாபம், எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது: சிறிய தொகைக்கு ரசீதும் அறிக்கையும் கொடுத்துப் பழகும்போதே அமைப்பின் கணக்கு வழக்கு சீராகிவிடும். முதன்மை விண்ணப்பத்தில் 'தொடக்க நிலைத் தரவு' என்ற கட்டத்தில் ஊகத்தை எழுதாமல், அளந்த எண்ணையே எழுதலாம்.

கடைசித் தேதி சில வாரங்களில் வருகிறது என்றால் இது உதவாது, சிறிய மானியத்தின் ஒப்புதலுக்கே அவ்வளவு நாள் ஆகிவிடும். ஏற்கெனவே தரவும் வரைவும் தயாராக இருப்பவர்கள் நேராக முதன்மை விண்ணப்பத்துக்கே போகலாம்.