விந்தகத்துக் கொழுப்பு: ஸ்லைடில் நாம் சறுக்கும் இடங்கள்

வெள்ளை எலியின் விந்தகத்தை மெழுகில் பதித்து வெட்டி, சாயமேற்றிப் பார்த்தால் விந்தாக்கக் குழாய்களின் சுவரையொட்டி வெண்ணிற ஓட்டைகள் தெரியலாம். உடனே 'செல் சிதைவு' என்று ரெக்கார்ட் நோட்டில் எழுதிவிடுவார்கள். அவசரம் வேண்டாம். மெழுகுக்கு முன் திசுவை ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறவைக்கிறோமே, கொழுப்பு அங்கேயே கரைந்து போயிருக்கும். கொழுப்புத் துளி இருந்த இடம்தான் ஓட்டை. நிஜமான சிதைவாகவும் இருக்கலாம். அதை மெழுகு ஸ்லைடு மட்டும் சொல்லாது. உறையவைத்து வெட்டி, கொழுப்பில் ஏறும் ஆயில் ரெட் ஓ சாயம் போட்டால் துளிகள் சிவப்பாக நிற்கும். அதன்பின் பழக்கதோஷத்தில் டி.பி.எக்ஸ் எனும் ஒட்டுப்பசை வைத்து மூடினால் போச்சு, அதிலும் சைலீன் உண்டு. கிளிசரின் ஜெல்லியே சரி.

அடுத்த சறுக்கல், அந்தக் கொழுப்பை விந்தணுவின் கணக்கில் எழுதுவது. குழாய்ச் சுவரோரம் திரளும் பெரிய துளிகள் வளரும் விந்து செல்களைத் தாங்கி ஊட்டும் செர்டோலி செல்லுக்குச் சொந்தம். ஸ்பெர்மாட்டிட் (விந்தணுவுக்கு முந்தைய நிலைச் செல்) நீண்டு விந்தணுவாகும்போது வேண்டாத சைட்டோபிளாசத்தைக் கழற்றிவிடுகிறது. செர்டோலி செல் அந்த எச்சத்தை விழுங்கி லைசோசோம் எனும் தன் செரிமானப் பையில் செரிக்க, அதிலிருந்து வரும் கொழுப்பு துளியாகச் சேர்கிறது. குழாயின் ஒவ்வொரு பகுதியும் திரும்பத் திரும்பக் கடக்கும் விந்தாக்கச் சுழற்சியில் எலிக்கு 14 கட்டங்கள். 8-ஆம் கட்டத்தில் விந்தணுக்கள் விடுபட்டதும் துளிகள் பெருகும், பிறகு குறையும். ஒரே வெட்டில் குழாய்கள் வெவ்வேறு கட்டத்தில் இருக்கும்; ஆகவே பக்கத்துப் பக்கத்துக் குழாய்கள் வெவ்வேறாகத் தெரிவது இயல்பே. கட்டம் பார்க்காமல் 'கொழுப்பு கூடிவிட்டது' என்பது வெறும் ஊகம். சுண்டெலிக்கு 12 கட்டங்கள், மனிதனுக்கு 6. எலியின் அட்டவணையை அங்கே கொண்டுபோய் ஒட்டக்கூடாது.

குழாய்களுக்கு வெளியே, ஆண் ஹார்மோன் சுரக்கும் லெய்டிக் செல்லில் இருக்கும் துளிகளின் கதையே வேறு. அவை கொலஸ்ட்ரால் எஸ்டர் சேமிப்பு, அந்த ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனுக்கான மூலப்பொருள். முழு விந்தகத்தையும் அரைத்துக் கொழுப்பை அளந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். அந்த ஒற்றை எண்ணை வைத்து விந்தாக்கம் பற்றிப் பேசுவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

காளை, பன்றி விந்தில் சில விந்தணுக்களின் கழுத்தில் ஒட்டியிருக்கும் சிறு உருண்டையையும் கொழுப்புத் துளி என்பார்கள். அது உதிராமல் தங்கிய சைட்டோபிளாசம். விந்தணு முதிரும் சுருள்குழாயான எபிடிடைமிஸில் பயணிக்கும்போது வால் பக்கம் நகர்ந்து, முடிவில் உதிர வேண்டியது; அதிகம் தென்பட்டால் விந்தணு சரியாக முதிரவில்லை என்று பொருள்.

துளி இல்லாததால் முதிர்ந்த விந்தணுவில் கொழுப்பே இல்லை என்றும் எழுதிவிடாதீர்கள். மனிதன் உட்படப் பல பாலூட்டிகளில் அதன் சவ்வில் டி.எச்.ஏ. எனும் கொழுப்பமிலம் நிறைய உண்டு: 22 கார்பன், 6 இரட்டைப் பிணைப்பு. அதனாலேயே ஆக்சிஜனேற்றத்தில் எளிதாகக் கெடும். ஆயில் ரெட் ஓ இதைக் காட்டாது. கொழுப்பைப் பிரித்தெடுத்துக் கூறுகளைத் தனித்தனியாகக் காட்டும் குரோமட்டோகிராபியில்தான் பார்க்க வேண்டும்.