பேப்பர் வெயிட்டைக் கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

திருகோணமலையில் கச்சான் காற்று தொடங்கினால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காணி உறுதி எழுத முடியாது. பூட்டினால் வேர்க்கும், ஃபேனைப் போட்டால் தாள் பறக்கும். உவர்மலையில் நொத்தாரிசு வேலை பார்க்கும் என் மேசையில் அதனால்தான் கண்ணாடிக் குண்டுகள் சேர்ந்தன. பாரத்துக்கு ஒரு கருங்கல் போதும், கண்ணாடி ஆசைக்குத்தான்.

பழைய சாமான் கடையில் ஒன்று அகப்பட்டால் உள்ளே தெரியும் பூவில் மயங்காமல் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். கையால் செய்யும்போது உருகிய கண்ணாடியை இரும்புக் கோலில் பிடித்திருப்பார்கள். கோலை உடைத்தெடுத்த இடத்தில் வடு விழும். நல்ல பட்டறையில் அதைத் தேய்த்து மழமழப்பான குழியாக்கிவிடுவார்கள். மலிவானதில் கரடு அப்படியே இருக்கும். பக்கத்தில் மெல்லிய கோடு ஓடினால் அச்சில் வார்த்தது. அடி விளிம்பின் கீறல்களையும் பாருங்கள். பல வருடம் மேசையில் உரசியது என்றால் அவை எல்லாப் பக்கமும் ஓடும். ஒரே திசையில் வரிவரியாக இருந்தால் யாரோ தேய்த்துப் 'பழசு' ஆக்கியிருக்கிறார்கள்.

அப்புறம் பூ. மில்லிஃபியோரி வகையில் பல நிறக் கண்ணாடியை அடுக்கி, சூடாக்கி, நீளமாக இழுப்பார்கள். அப்படி இழுத்த கண்ணாடிக் கோலை எங்கே நறுக்கினாலும் அதே பூ வரும். துண்டுகளை அடுக்கித் தெளிந்த கண்ணாடியால் மூடினால், மேலுள்ள வளைவு பூவைப் பெரிதாக்கிக் காட்டும். வெனிஸ்காரரான பியெட்ரோ பிகாலியா 1845இல் வியன்னாக் கண்காட்சியில் இப்படிப்பட்டவற்றை வைத்தார். உடனேயே பிரான்ஸின் பக்காரா, சென் லூயி, கிளிஷி ஆலைகள் பிடித்துக்கொண்டன. என் கண்ணுக்கு இன்றுவரை அவைதான் அழகு. பக்காராவின் சிலவற்றில் 'பி' எழுத்தும் 1846 முதல் 1849 வரையான ஆண்டுகளில் ஒன்றும் பூக்களுக்கிடையே ஒளிந்திருக்கும். ஆனால் ஆண்டை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள்; 1848 என்று பதித்த பிற்காலப் பிரதிகளும் உண்டு. பூதக்கண்ணாடியால் பூ இதழ்களின் ஓரம் கூர்மையா, வட்டம் ஒழுங்கா என்று பாருங்கள்.

வெயில் நேரே விழும் இடத்தில் தாள்மேல் வைக்காதீர்கள். குண்டு வெயிலைக் குவித்துத் தாளைக் கருக்கிவிடும்.

கடற்காற்றின் உப்பு படிந்து மங்கினால் வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் சவர்க்காரமும் போதும். சுடுநீர் ஊற்றாதீர்கள், வெடிக்கும். கழுவுமுன் மோதிரத்தைக் கழற்றிவிட்டு, சிங்க்கின் அடியில் ஒரு துவாயை விரித்துக்கொள்ளுங்கள்.