சிகிச்சைச் சுமையை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோயைக் கவனித்துக்கொள்ள நோயாளி செய்ய வேண்டிய வேலைகளின் பாரம்தான் சிகிச்சைச் சுமை. மாத்திரைகளை எண்ணி அதையே சுமை என்று எழுதுவது போன்ற பிழைகளை ஆய்வு வழிகாட்டியே பிடித்துவிடுவார். ஆய்வேடு முடிந்த பிறகும் சிக்காத சில தவறுகளைப் புதியவர்கள் ஆண்டுதோறும் அப்படியே செய்கிறார்கள். பல நாட்பட்ட நோய்கள் உள்ளவர்களிடம் பெரும்பாலும் பயன்படுவது, பிரிட்டனின் பிரிஸ்டலில் பாலி டங்கன் குழு உருவாக்கி 2018இல் வெளியிட்ட எம்டிபிக்யூ (Multimorbidity Treatment Burden Questionnaire) கேள்வித்தாள். மருந்து வாங்குவது, சர்க்கரை அளவைப் பார்ப்பது, மருத்துவமனைக்குப் போவது என ஒவ்வொரு வேலையும் எவ்வளவு சிரமம் என்று அது கேட்கும். ‘சிரமமில்லை’ 0, ‘மிக மிகச் சிரமம்’ 4. சராசரியை 25ஆல் பெருக்கினால் 0 முதல் 100க்குள் ஒரு மதிப்பெண் வரும்.

‘பொருந்தாது’ என்பதை நிம்மதி என்று படிப்பது

இந்தக் கேள்வித்தாளில் ‘பொருந்தாது’ என்ற பதிலுக்கும் 0தான். வில்லங்கம் அங்கேதான்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி மூன்றும் உள்ள ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். நிறைய மாத்திரை போடுவது 2, மருந்து வாங்குவது 3, வீட்டில் சர்க்கரை பார்ப்பது 3, மருத்துவமனைக்குப் போய்வருவது 4, சாப்பாட்டை மாற்றுவது 2. மற்ற ஐந்தும் 0. கூட்டினால் 14, பத்துக் கேள்விப் பதிப்பில் சராசரி 1.4, மதிப்பெண் 35. ஆறு மாதம் கழித்துப் போனால், ஸ்ட்ரிப் வாங்கக் காசில்லாமல் சர்க்கரை பார்ப்பதை விட்டிருக்கிறார். பஸ் மாறி மாறிப் போக முடியாமல் மருத்துவமனையையும் விட்டாயிற்று. இரண்டுக்கும் ‘பொருந்தாது’ என்கிறார். கூட்டல் 7, மதிப்பெண் 17.5. ‘சுமை பாதியாகக் குறைந்தது’ என்று ஆய்வேட்டில் ஏறிவிடும்! குறைந்தது சுமை இல்லை, சிகிச்சை.

அதே அம்மாவுக்கு தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வழியாகத் தன்னார்வலர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தால், மருந்து வாங்கும் கேள்வி ‘பொருந்தாது’ ஆகி 35 என்பது 27.5 ஆகும். இது உண்மையான குறைவு. எண்ணை மட்டும் பார்த்தால் கைவிட்டவர்தான் இவரைவிட நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

சூத்திரத்தை மாற்றாதீர்கள், மாற்றினால் மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது. ‘பொருந்தாது’ என்று வரும் ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஏன்?’ என்று கேட்டுத் தனி நெடுவரிசையில் குறியிடுங்கள்: 1 – யாரும் செய்யச் சொல்லவில்லை, 2 – சொன்னார்கள், விட்டுவிட்டார், 3 – வேறொருவர் செய்துதருகிறார். முடிவுகளில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே 2ஆம் குறி எத்தனை பேருக்கு என்று காட்டுங்கள். 3ஆம் குறி வந்தால் அந்த வேலை மருமகள் தலையில் விழுந்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

விட்டுப்போன பதிலுக்கு 0 போடுவது

எட்டுக் கேள்விக்குப் பதில், கூட்டல் 12 என்றால் எட்டால் வகுக்க வேண்டும்: 37.5. காலியிடத்தை 0 ஆக்கினால் 30. காலிக்கு 99 என்று குறியிட்டு, சராசரி எடுக்குமுன் நீக்க மறப்பவர்களும் உண்டு. பாதிக்கு மேல் காலி என்றால் மதிப்பெண்ணே கணக்கிடக் கூடாது.

பிரிட்டன் எல்லைகளை இங்கே ஒட்டுவது

10க்குக் கீழ் குறைவு, 22ம் அதற்கு மேலும் அதிகம் என்ற பிரிவு பிரிட்டன் நோயாளிகள் 1,546 பேரின் பதில்களிலிருந்து வந்தது. அங்கே பத்துக் கேள்விப் பதிப்பில் மருந்துச் செலவுக் கேள்வியே இல்லை. தனியார் மருந்துக் கடையை நம்பியிருப்பவர்களிடம் அதைக் கேட்காமல் என்ன அளக்கப் போகிறோம்? பதின்மூன்று கேள்விப் பதிப்பை எடுங்கள், எந்தப் பதிப்பு என்று எழுதுங்கள். வகை பிரிக்காமல் மதிப்பெண்ணாகவே கையாளுங்கள். 0 எடுப்பவர்கள் நிறைய இருப்பார்கள் என்பதால் சராசரியோடு இடைநிலை அளவையும் (median) கொடுங்கள்.

புறநோயாளி வரிசையில் மட்டும் ஆள் பிடிப்பது

வரிசையில் நிற்பவர் சிகிச்சையை இன்னும் விடாதவர். விட்டவர்களின் பெயர் பழைய பதிவேட்டில் இருக்கும். அதிலிருந்து எடுத்து வீட்டுக்குப் போங்கள்.

மாத்திரை கொடுப்பவரே கேட்பது

‘ஒரு கஷ்டமும் இல்லீங்க’ என்றுதான் வரும். வேறு ஆளை அனுப்புங்கள்.

ஆங்கிலக் கேள்விகளைக் களத்தில் நின்றுகொண்டு மொழிபெயர்ப்பது

வேண்டாம்.