கிறிஸ்துமஸ் குக்கிப் பெட்டி: மாவு பிசைவதற்கு முன் பெட்டியை எடுத்து வையுங்கள்

கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே குக்கி செய்து பெட்டியில் அடுக்கிக் கொடுக்கத் தொடங்கிய முதல் ஆண்டு, என் அக்கா என் கண் முன்னாலேயே பெட்டியைத் திறந்தாள். மேலே இருந்த ஷார்ட்பிரெட்டை (வெண்ணெய் மிகுந்த, மொறுமொறுப்பான குக்கி) எடுத்து இரண்டாக உடைக்கப் பார்த்தாள். அது உடையவில்லை, வளைந்தது. வாயில் போட்டுக்கொண்டு, "நன்றாகத்தான் இருக்கிறது, இதில் ஏன் கிராம்பு போட்டாய்?" என்று கேட்டாள். ஷார்ட்பிரெட்டில் நான் கிராம்பே போடவில்லை.

நடந்தது இதுதான். ஐந்து வகைக் குக்கிகளையும் இரண்டு நாள் முன்பே செய்து, ஒரே டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தேன். மெத்தென்ற சாக்லேட் குக்கியில் இருந்த ஈரம் மொறுமொறுப்பான ஷார்ட்பிரெட்டுக்குப் போய்விட்டது. இஞ்சிக் குக்கியில் இருந்த கிராம்பின் வாசனையை ஷார்ட்பிரெட்டின் வெண்ணெய் இழுத்துக்கொண்டது. செய்தபோது ஒவ்வொன்றும் அருமையாக வந்திருந்தது. சேர்த்து வைத்ததில்தான் எல்லாம் கெட்டது. அன்றிலிருந்து நான் குக்கியைப் பற்றி யோசிப்பதற்கு முன் பெட்டியைப் பற்றி யோசிக்கிறேன். அதில் எது எதன் பக்கத்தில் எத்தனை நாள் இருக்கப் போகிறது என்பதுதான் என் முதல் கேள்வி.

முதலில் பெட்டியை வாங்கி மேசைமேல் வையுங்கள். நான் பயன்படுத்துவது 20 சென்டிமீட்டர் சதுரம், 6 சென்டிமீட்டர் உயரம். ஐந்து வகை, வகைக்கு நான்கு என 20 குக்கிகள் அதில் தாராளமாக அடங்கும். 10 பெட்டி என்றால் வகைக்கு 40, மொத்தம் 200. உடைவதற்கும் ருசி பார்ப்பதற்கும் வகைக்கு ஏழெட்டு கூடுதலாக வேண்டும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிய பிறகுதான் வெண்ணெய் வாங்கப் போவேன். ஐந்து வகைக்கு மேல் போகாதீர்கள். எட்டு வகை செய்தால் பெட்டி நிறைந்தது போலத் தெரியும், ஆனால் ஒன்றிலும் கை நிதானமாக இருக்காது.

வகைகளைத் தேர்ந்தெடுக்கும்போது எது எத்தனை நாள் தாங்கும் என்று பாருங்கள். பிஸ்கோட்டியும் (இரண்டு முறை சுட்டெடுக்கும் கெட்டியான குக்கி) இஞ்சிக் குக்கியும் காற்றுப் புகாத டப்பாவில் மூன்று வாரம் வரை நன்றாக இருக்கும். ஷார்ட்பிரெட் இரண்டு வாரம். ஜாம் வைத்த குக்கியும் மெத்தென்ற சாக்லேட் குக்கியும் நான்கைந்து நாளைக்குத்தான். ஆகவே 24ஆம் தேதி கொடுப்பதாக இருந்தால், நான் இப்படிப் பின்னோக்கி எண்ணுகிறேன்: 12, 13 தேதிகளில் இஞ்சிக் குக்கி, 15இல் பிஸ்கோட்டி, 18இல் ஷார்ட்பிரெட், 22இல் ஜாம் குக்கியும் சாக்லேட் குக்கியும், 23 இரவு அடுக்கும் வேலை. சாக்லேட் குக்கியின் மாவை மட்டும் மாதத் தொடக்கத்திலேயே பிசைந்து, எலுமிச்சை அளவு உருண்டைகளாக்கி ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். உறைந்த உருண்டையை அப்படியே ஓவனில் வைக்கலாம், வழக்கத்தைவிட ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாக விட்டால் போதும்.

ஷார்ட்பிரெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெட்டியில் ஒளிந்துகொள்ள இடமில்லாத குக்கி அதுதான். அளவு நினைவில் நிற்கும்: எடையில் ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மைதா. 10 பெட்டிக்கு 120 கிராம் பொடித்த சர்க்கரை, 240 கிராம் வெண்ணெய், 360 கிராம் மைதா. உப்பில்லாத வெண்ணெய் என்றால் கால் தேக்கரண்டி உப்பு. வெண்ணெய் உருகியிருக்கக் கூடாது; விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் பளபளப்பு ஒட்டக் கூடாது. சர்க்கரையோடு குழைத்து, மைதாவைச் சேர்த்து, ஒன்றாகத் திரண்டதும் கையை எடுத்துவிடுங்கள். மேலும் பிசைந்தால் கடினமாகிவிடும். 4 சென்டிமீட்டர் கனத்தில் உருளையாக உருட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு ஒரு சென்டிமீட்டர் தடிமனில் வெட்டினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 கிராம் வரும், 48 கிடைக்கும். 160 டிகிரி செல்சியஸில் 18 முதல் 20 நிமிடம். ஓரத்தில் வெளிர் பொன்னிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது இன்னும் மெத்தென்றுதான் இருக்கும். பயப்படாதீர்கள், ஆறும்போது இறுகும்.

இஞ்சிக் குக்கிக்கு உங்கள் கைக்குப் பழகிய செய்முறையே போதும். மாவைக் குறைந்தது இரண்டு மணி நேரம் குளிர வைத்துவிட்டுத் தேய்த்தால் ஓரம் கலையாமல் வெட்டலாம். ஐசிங் போடுவதாக இருந்தால் ஒரு முழு இரவு காய விடுங்கள். அதற்கு முன் தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலிருக்கும், அடியில் ஈரமாகவே இருக்கும், அடுக்கியதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஐசிங்கில் வெள்ளைக்கரு வேகாமலே சேர்கிறது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் போகும் பெட்டி என்பதால் நான் பச்சை முட்டையைத் தொடுவதில்லை, மெரிங் பவுடர்தான் (கிருமி நீக்கி உலர்த்திய வெள்ளைக்கருப் பொடி).

பிஸ்கோட்டி என்ற பெயருக்கே இரண்டு முறை சுட்டது என்று பொருள். முதலில் நீளக் கட்டியாக 175 டிகிரியில் அரை மணி நேரம். கால் மணி ஆற விட்டு, ரொட்டி வெட்டும் கத்தியால் சாய்வாக ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, மறுபடி 150 டிகிரியில் பக்கத்துக்குப் பத்து நிமிடம். உடைத்தால் டக்கென்று சத்தம் வர வேண்டும்.

ஜாம் குக்கியில் எல்லாரும் இடறும் இடம் ஜாம்தான். பாட்டிலில் இருக்கும் ஜாமை அப்படியே வைத்தால் பெட்டிக்குள் வழியும். சிறிய பாத்திரத்தில் போட்டு, குறைந்த தீயில் கிளறிக் கெட்டியாக்கிக்கொள்ளுங்கள். ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டு, ஆறியதும் தட்டைச் சாய்த்தால் அது நகரக் கூடாது. மாவு உருண்டையில் கட்டைவிரலால் குழி செய்து, அந்த ஜாமை வைத்துவிட்டுப் பிறகு சுடுங்கள்.

எந்தக் குக்கியானாலும் கம்பி வலைமேல் முழுதாக ஆறிய பிறகுதான் டப்பாவுக்குள் போக வேண்டும். நான் குக்கியைக் கவிழ்த்து, அதன் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். சிறு வெதுவெதுப்பு தெரிந்தாலும் இன்னும் அரை மணி நேரம் காத்திருப்பேன். அந்தச் சூடுதான் மூடிக்கு அடியில் நீராகி எல்லாவற்றையும் நமுக்கச் செய்வது. வகைக்கு ஒரு டப்பா, கலக்கவே கூடாது. அப்படியும் ஷார்ட்பிரெட்டோ பிஸ்கோட்டியோ நமுத்துப்போனால், 150 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் வைத்து ஆற விடுங்கள். மொறுமொறுப்பு திரும்பிவிடும்.

பக்கத்து வீட்டுச் சிறுவனுக்குக் கொட்டை வகைகள் ஒத்துக்கொள்ளாது. அவன் வீட்டுப் பெட்டிக்கானவற்றை மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக, கழுவித் துடைத்த மேசையில், கொட்டைகள் எதுவும் வெளியே எடுக்கப்படாத நாளில் செய்து தனியாக மூடி வைக்கிறேன். பாதாமை விலக்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அதே கரண்டியும் அதே தட்டும்கூட ஆபத்து. நூறு சதவீதம் உறுதி சொல்ல முடியாத பெட்டியை அந்த வீட்டுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

இனி அடுக்குவது. அட்டைப் பெட்டி காற்றைத் தடுக்காது, வெண்ணெயையும் உறிஞ்சிக் கறையாகிவிடும். அதனால்தான் கொடுப்பதற்கு முந்தைய இரவு வரை எதையும் அதில் வைப்பதில்லை. பட்டர் பேப்பரை இரண்டு பட்டைகளாக வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாக விரித்து, நுனிகளை வெளியே தொங்க விடுங்கள். பிஸ்கோட்டியை ஒரு பக்கமாகச் செங்குத்தாக நிறுத்தினால் அது சுவர் போல மற்றவற்றைத் தாங்கும். நான்கு ஷார்ட்பிரெட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நூலால் கட்டி மூலையில் வைப்பேன். ஜாம் குக்கி ஒவ்வொன்றும் ஒரு சிறு காகிதக் கிண்ணத்தில், ஒரே அடுக்காக. சாக்லேட் குக்கி நான்கையும் தனி உறையில் போட்டு வாயை இறுகக் கட்டி வைக்கிறேன், அந்த ஈரம் வெளியே வரக் கூடாது. இஞ்சிக் குக்கிக்கும் தனி உறைதான், அக்காவின் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. அவை மேலே படுத்திருக்கட்டும், ஐசிங் போட்ட முகம்தான் திறந்ததும் கண்ணில் பட வேண்டும்.

இடைவெளிகளில் கசக்கிய பட்டர் பேப்பரைத் திணியுங்கள். தொங்கிய நுனிகளை மடித்து மூடியைப் போட்டு, பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி மெதுவாக இடமும் வலமும் சாய்த்துப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகரும் சத்தம் கேட்டால் திறந்து இன்னும் கொஞ்சம் காகிதம் வையுங்கள். தபாலில் போகும் பெட்டி என்றால் ஜாம் குக்கியையும் ஐசிங்கையும் விட்டுவிட்டு, பிஸ்கோட்டியும் ஷார்ட்பிரெட்டும் மட்டும், தகர டப்பாவில்.

உள்ளே ஒரு சீட்டு வைக்க மறக்காதீர்கள். கையால் எழுதினால் போதும். ஒவ்வொரு குக்கியின் பெயர், அதில் மைதா, பால், முட்டை, கொட்டை எது இருக்கிறது, எந்த நாளுக்குள் சாப்பிட வேண்டும். என் சீட்டின் முதல் வரி எப்போதும் இதுதான்: "ஜாம் குக்கியையும் சாக்லேட் குக்கியையும் முதலில் சாப்பிட்டுவிடுங்கள், மற்றவை காத்திருக்கும்."

பத்துப் பெட்டிகளில் நான் கொடுப்பது ஒன்பதுதான். பத்தாவதை அதே மாதிரி மூடி அலமாரியில் வைத்துவிட்டு, 28ஆம் தேதி திறந்து, ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். சென்ற ஆண்டு எழுதியது: "ஷார்ட்பிரெட் உடைகிறது, கிராம்பு வாசனை இல்லை. ஜாமைச் சுற்றி ஓரம் ஈரம், இன்னும் ஐந்து நிமிடம் கிளற வேண்டும்."